அரசமரத்தடியில் ஒரு படிக உருண்டை

மாட்டுத்தாவணியிலிருந்து வாடிப்பட்டி போகும் பேருந்து. முன் இருக்கையில் இருவர். மூத்தவர் கல் சேகரிப்பவர் போலும்.

"என் படிக உருண்டைய எம்பொண்டாட்டி கோயில் அரசமரத்தடியில கொண்டு போயி வச்சுட்டா, தம்பி."

"ஏண்ணே?"

"உள்ள கீறல் தெரியுதாம். பின்னமான ஸ்படிகம் வீட்ல ஆகாதாம்."

"கண்ணாடியா இருக்கப் போகுது."

"கண்ணாடியில ஏதுடா அந்தக் கீறல்? அது மண்ணுக்குள்ள வெளைஞ்ச கல்லு, வெளையும்போதே விழுந்த கீறல். அந்தக் கீறலுக்காகத்தான் எம்புட்டோ தேடி வாங்குனேன்."

"போயி எடுத்துட்டு வர வேண்டியதுதானே?"

"போனேன். அதுக்குள்ள யாரோ சந்தனம் பூசி, பூ வச்சிருக்காக. விளக்கேத்திக்கிட்டு இருந்த அக்கா, செருப்பக் கழட்டிட்டுக் கிட்ட வாங்கன்னுச்சு."

"அப்புறம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கழட்டுனேன். கும்பிட்டுட்டு வந்துட்டேன்."