ஏரிக்கு இறங்கும் படி

— கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க அத்தை. படி ஓரம் பூரா எதுக்கு மஞ்சக் கல்லு? ஏரியைப் பாத்து உக்கார இருந்த பழைய மேடையைப் புதுசாக்கச் சொன்னா, பஸ் ஸ்டாண்டு கட்டிக்கிட்டு இருக்கீங்க.

— ஆயுசுல பாதி கண்டக்டரா பஸ்ஸுல நின்னவளை மேல்பார்வைக்கு விட்டுட்டு நீ ஆபீஸ் போனா, பஸ் ஸ்டாண்டுதான் வரும் அம்மாடி.

— வெளையாடாதீங்க. நான் பாத்துப் பாத்து எடுத்த டைல்ஸ் எங்க? மூஞ்சி தெரியுற மாதிரி பளபளன்னு இருந்துச்சே?

— திருப்பி அனுப்பிட்டேன். ஈரக்காலோட அதுல வழுக்கினவ அக்கரையிலதான் எந்திரிப்பா.

— அதுக்குன்னு இப்படியா? நடக்குற எடத்துல ஒரு மாதிரி, படி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு வரிசை சொரசொரன்னு முரட்டுக் கல்லு. ஏன் மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க, இது யார் யோசனை?

— என்னை விட்டுடுங்கம்மா. வெக்கச் சொன்னாங்க, வெச்சேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல சாந்துக் கரண்டியை நீட்டினா, கரண்டிதான் வளையும்.

— நீ போய் டீ குடிச்சிட்டு வாப்பா மேஸ்திரி. இவ விசாரணை இப்பதான் ஆரம்பிக்குது.

— ஆமா, விசாரணைதான். இந்தக் கைப்பிடியைப் பாருங்க. கதவுகிட்ட புடிச்சா தண்ணி வரைக்கும் விடாம ஓடுது. நான் கேட்டது கண்ணாடித் தடுப்பு.

— கண்ணாடி இருக்குறது தெரியாம குருவியே மோதிச் சாகுது.

— பூந்தொட்டி வெக்க ஒரு மூலை இல்லை, எல்லா மூலையையும் இடிச்சுக்காத மாதிரி மழுக்கி விட்டுட்டீங்க. ஊஞ்சலை ஓரங்கட்டியாச்சு. லைட்டு தலைக்கு மேல எரியாம கணுக்கால்கிட்ட எரியுது. அத்தை, ஒண்ணு கேக்கவா?

— இதுவரைக்கும் என்ன பண்ணின?

— நீங்க எதையோ மறைக்கிறீங்க. மொதல்ல யாரோ விருந்தாளி வராங்கன்னு நெனச்சேன். அப்புறம் அந்த எதிர்க்கரை படகுக்காரர் மேல சந்தேகம் வந்துச்சு.

— அடிப்பாவி! அந்த ஆளு மேலயா?

— தினம் உங்களைப் பாத்துக் கை காட்டுறாரே!

— கொக்கை விரட்டுறாரு! காயப்போட்ட மீனைக் கொத்தாம இருக்க. எனக்குப் போய்க் கை காட்டுறாராம்.

— சரி, அது இல்லைன்னா... அத்தை, இப்படி உக்காருங்க. கையைக் குடுங்க. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா?

— என்னது?

— எங்கிட்ட மறைக்காதீங்க. பளிச்சுனு மஞ்ச ஓரம், படி வருதுன்னு காலுக்குச் சொல்லுற கல்லு, விடாத கைப்பிடி. இதெல்லாம் பார்வை போறவங்க வீட்டுல செய்யுறது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— எங்கயோ படிச்சேன்.

— எங்க?

— எங்கயோ. பேச்சை மாத்தாதீங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். பயப்படாதீங்க, ஒரேயடியா போயிடாது. மொதல்ல இருட்டுலதான் தடுமாறும். அப்புறம் ரெண்டு பக்கமும் திரை இழுத்த மாதிரி சுருங்கும். நடுவுல மட்டும் ரொம்ப நாளைக்குத் தெரியும். மாத்திரை ஒண்ணும் பெருசா கேக்காது, ஆனா பழகிக்கலாம்னு...

— நல்லாத்தான் படிச்சிருக்க.

— ஏன் அப்படிப் பாக்குறீங்க?

— அக்கரையில மூணு கொக்கு நிக்குது. அதுல ஒண்ணு ஒத்தைக் கால்ல. என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை அம்மாடி. பிதுங்கி வழியுற பஸ்ஸுல டிக்கெட் எடுக்காதவனைத் தேடிப் புடிச்ச கண்ணு இது. சொந்த வீட்டுக்குள்ள ஒருத்தி சுவத்தைத் தடவித் தடவி நடக்குறதைப் பாக்காதா?

— அத்தை...

— பொழுது சாஞ்சா காரை எடுக்க மாட்டேங்குற, கேட்டா தலைவலிங்குற. பக்கத்துல நீட்டின டம்ளரை விட்டுட்டுக் காத்தைப் புடிக்குற. முன்னெல்லாம் இருட்டுற வரைக்கும் தண்ணியில காலை விட்டுக்கிட்டு உக்காந்திருப்ப, கூப்பிட்டாலும் வரமாட்ட. இப்ப வெயில் தாழ்ந்ததும் உள்ள ஓடி வந்துடுற.

— எப்பலேருந்து தெரியும்?

— ஒரு நாள் ஆபீஸ்லேருந்து சீக்கிரமா வந்த. செருப்பைக் கூடக் கழட்டாம நேரா இங்க வந்து நின்ன. ஊரை விட்டுப் போறவ வீட்டைத் திரும்பிப் பாப்பாளே, அப்படிப் பாத்த ஏரியை. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புறமும் பளபளக்குற டைல்ஸ் எடுத்துட்டு வந்து நிக்குற. யாரை ஏமாத்த, எங்களையா, உன்னையா?

— நல்லாப் பாக்குறவ எதை எடுப்பாளோ அதை எடுக்கணும்னு தோணுச்சு. இல்லைன்னா சந்தேகம் வந்துடுமே... அத்தை, உங்க கால்ல விழுறேன். உங்க பிள்ளைக்கு மட்டும் சொல்லிடாதீங்க.

— ஏன்? அவன் என்ன பண்ணிடுவான்?

— அவரைப் பத்தித் தெரியாதா? நான் தும்மினாலே ஜன்னலைச் சாத்துறவரு. இது தெரிஞ்சா இந்த வீட்டை வித்துட்டு, டவுன்ல ஏதோ ஒரு மாடியில கொண்டுபோய் வெச்சுடுவாரு. கண்ணுல வெச்சுப் பாத்துக்குவாரு, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா தண்ணிப் பக்கம் விடமாட்டாரு. தெரியுற வரைக்கும் இதைப் பாத்துடணும். தெரியாம போனப்புறமும் இதுல காலையாவது நனைக்கணும். வேற ஒண்ணும் வேணாம் அத்தை எனக்கு.

— அழாத. ஈரச் சாந்துல கண்ணீரை விட்டா மேஸ்திரி என்னைத்தான் திட்டுவான்.

— சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.

— இந்தக் கல்லு, கைப்பிடி, லைட்டெல்லாம் என் யோசனைன்னா நெனச்ச? எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் தெரியும்.

— பின்ன யாரு?

— நீ ஆபீஸ் கிளம்பினதும் தினம் இங்க வந்து, உன் துப்பட்டாவால கண்ணைக் கட்டிக்கிட்டுத் தண்ணி வரைக்கும் நடந்து, கால் தடுமாறுற எடத்துலயெல்லாம் கல்லை மாத்தச் சொல்லுறான்டி, உன் புருஷன்.