வீடு தேடிப்போன ஓட்டுப்பெட்டி

தேர்தல் வேலையில் எனக்கு இருந்த ஒரே குறை சாப்பாடுதான். காலையில் கட்டிக்கொடுக்கிற பொங்கல் வெயில் ஏறுவதற்குள் களியாகிவிடும். மதியம் எலுமிச்சைச் சோறு, அதை நாய்க்குப் போட்டாலும் யோசித்துவிட்டுத்தான் வாய் வைக்கும். மற்றபடி நான் அந்த வேலையை விரும்பிச் செய்தவன். கூட வேலை பார்க்கிற ஆசிரியர்கள் முதுகுவலி, சர்க்கரை என்று டாக்டர் சான்றிதழோடு ஓடும்போது நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். ஏதோ ஒரு கட்சியின் கையாளை விசாரிக்கிற மாதிரி நீங்கள் பார்க்கிறீர்கள். எனக்குக் கட்சி கிடையாது. யாரிடமும் கைநீட்டி ஒரு பைசா வாங்கியதில்லை.

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஓட்டை விற்காதீர்கள் என்று எழுதிய தட்டிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஊர்வலம் கூட்டிப்போனது நான்தான். வெயிலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு கடைக்காரர் மோர் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், பக்கத்துத் தெருவுக்கெல்லாம் குடுத்துட்டாங்களாம். எங்க தெருவுக்கு எப்ப வருவாங்கன்னு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார். என் ஜனங்கள் இவர்கள்தான். இவர்களுடைய ஓட்டைத்தான் புனிதம் என்று நான் வகுப்பில் பாடம் எடுக்க வேண்டும்.

எம்.பி. தேர்தலுக்கு எண்பத்தைந்து வயது தாண்டியவர்களும் நடமாட முடியாதவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்று விதி வந்தது. பெட்டி அவர்கள் வீட்டுக்குப் போகும். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் போன குழுவுக்கு நான் தலைவன். கூட எழுத்து வேலைக்கு சுகுணா என்கிற அலுவலர், போலீஸ்காரர் பெலிக்ஸ், வீடியோ எடுக்க கோபிநாத். ஓட்டுப் போடுகிறவர் ஓர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டில் பேனாவால் குறி போட்டு, உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். கண் தெரியாதவர், கை வராதவர் என்றால் தனக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதிகாரி அந்தப் பேனாவைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். குறி போடுவதை மட்டும் எடுக்கக் கூடாது, அது ரகசியம். அந்த நேரத்தில் கோபிநாத் கேமராவைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொள்வான்.

அந்த நாட்களில் எல்லார் போனிலும் ஓட்டு எந்திரத்தைப் பற்றித்தான் பேச்சு. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மாற்றிவிடுகிறார்களாம், நாம் ஒன்றை அமுக்கினால் வேறொன்றில் விழுகிறதாம். டீக்கடையில் உட்கார்ந்து இதைப் பேசுகிறவனுக்குத் தன் வீட்டு மோட்டார் சுவிட்சு ஏன் வேலை செய்யவில்லை என்று தெரியாது. திருட்டுக்கு அத்தனை பெரிய மூளை தேவையில்லை. ஓர் அட்டை மறைப்பும் ஒரு பேனாவும் போதும்.

நான் தொடங்கியது திருட்டுக்காக அல்ல, திருட்டைத் தடுக்க. முதல் நாள் ஆண்டியப்பன் என்ற பெரியவர் வீடு. இரண்டு கண்ணும் போய்விட்டது. துணைக்கு வந்து உட்கார்ந்தவன் பேரன் பாலாஜி. அவன் சட்டைப் பையில் ஒரு கட்சியின் துண்டுச் சீட்டு தெரிந்தது. தாத்தாவின் ஓட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறான் என்று ஊருக்கே தெரியும். அவனை வெளியே போகச் சொன்னேன். விதி அது இது என்று நான் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. சார் சொன்னால் சரிதான் என்று போய்விட்டான். பெரியவருக்குக் காது கேட்கும். அவரும் அதே கட்சியைத்தான் சொன்னார். பேரன் சொல்லிக்கொடுத்தது, வேறென்ன. ஓட்டுச் சீட்டில் கடைசியாக ஒரு பேர் இருந்தது. கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சுயேச்சை. ஒரு கூட்டத்தில் அவர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொகுதியில் நின்றவர்களில் படித்த மனிதர் அவர் ஒருவர்தான், நாணயமானவரும் அவர்தான். அந்தப் பேருக்கு நேரே டிக் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன்.

"நான் சொன்னதுல போட்டாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"போட்டாச்சுங்க ஐயா" என்றேன். அவர் கும்பிட்டார். விற்ற ஓட்டை மீட்டு ஒரு நல்ல மனிதனிடம் சேர்த்த நிம்மதி எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் எல்லாரும் என்னிடமே பேனாவை நீட்டினார்கள். வாத்தியார் அல்லவா. பணம் வாங்கிய வீடு, வாங்காத வீடு என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. யோசிக்காமல் போடுகிற ஓட்டும் விற்ற ஓட்டும் எனக்கு ஒன்றுதான். யாரும் கவனிக்கவில்லை. சுகுணா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். பெலிக்ஸ் வேப்பமர நிழலில் நிற்பார். கட்சி ஏஜெண்டுகள் முதல் வீட்டோடு சரி, வெயில் தாங்காமல் போய்விட்டார்கள். ஜனநாயகத்தின் காவலர்கள்.

செங்கண்மாய்ப்பட்டியில் பிரகதாம்பாள் என்ற அம்மாளின் வீடு. மகன் நல்லதம்பி விவசாயி. அவருடைய மகள் சுடர்விழி எங்கள் பள்ளியில் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். நாங்கள் போனபோது அந்த அம்மாள் நியூஸ் சேனலைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்து, அதில் பேசுகிறவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நல்லதம்பியை வெளியே இருக்கச் சொன்னேன். அந்த அம்மாளுக்குக் கை நடுங்கியது. "மேலேருந்து ரெண்டாவது பேரு தம்பி, நீங்களே போட்டுருங்க" என்றார். ஏன் அந்த ஆள் என்று பேச்சுக்குக் கேட்டேன். கண்மாய்க்கு மடை கட்டிக்கொடுத்தவனாம். சொன்னபடி கட்டினான், தண்ணி வருது, அவ்வளவுதான் என்றார். ஒரு மடைக்கு நாட்டையே எழுதிக்கொடுக்கிற புத்தி.

முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தார். பார்வை இல்லை என்று நினைத்துவிட்டேன். கடைசிப் பேருக்கு டிக் போட்டேன்.

"நான் மேல சொன்னேன். நீங்க அடியில போட்டிருக்கீங்களே தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எடது கண்ணு எனக்கு நல்லாத் தெரியும். போன வருசந்தான் ஆப்பரேசன் பண்ணுனாங்க."

தவறிப்போனால் அந்தச் சீட்டை ரத்து செய்துவிட்டு வேறு சீட்டு கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால் ஏன் என்று சுகுணா எழுத வேண்டும். நான் மடித்து உறையில் வைத்து ஒட்டிப் பெட்டியில் போட்டேன். சுகுணா நிமிர்ந்து என்ன சார் என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் குழப்பம் என்றேன். அந்த வார்த்தை எனக்கு அப்போதுதான் தோன்றியது. வெளியே வந்து நல்லதம்பியிடமும் அதையே சொன்னேன். வயசாயிருச்சுல்ல சார் என்று அவர் தலையாட்டினார்.

அந்த அம்மாள் விடவில்லை. ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து வாத்தியார் ஓட்டைத் திருடிவிட்டார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். எவனோ அதைப் போனில் எடுத்துப் பரப்பிவிட்டான். இந்தக் கட்சி அந்தக் கட்சியைச் சொன்னது, அந்தக் கட்சி இந்தக் கட்சியைச் சொன்னது. உண்மையைச் சொன்னது அந்த அம்மாள் ஒருவர்தான் என்பதால் அவர் பேச்சைக் கடைசிவரை யாரும் முழுதாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கவலை இருந்தது. அவருடைய ஓட்டைப் பற்றி அல்ல. விசாரணை என்று வந்தால் மற்ற வீடுகளுக்கும் போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நல்லதம்பியைப் பார்க்கப் போனேன். பொய்ப்புகார் சொன்னால் வீட்டு ஆட்கள்மேல் கேஸ் வரும், சுடர்விழி நாளைக்கு அரசு வேலைக்குப் போகிற பெண் என்று எடுத்துச் சொன்னேன். மிரட்டவில்லை. வயதானவர்களுக்கு வருகிற வியாதி இது, இல்லாத திருட்டை இருப்பதாகச் சொல்லுவார்கள், வைத்தியம் பார்த்தால் சரியாகும் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எங்களுக்காக இவ்வளவு மெனக்கெடுறீங்களே சார் என்றார்.

காரும் நானே ஏற்பாடு செய்தேன். திருச்சியில் ஒரு டாக்டர். என்ன வருஷம், என்ன கிழமை, பிரதமர் யார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அந்த அம்மாள் சரியாகச் சொன்னார். பிரதமரைப் பற்றித் தன் கருத்தையும் சேர்த்துச் சொன்னார், டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, உங்களிடமிருந்து எதையோ திருடிவிட்டார்களாமே, என்னம்மா அது என்று கேட்டார்.

"ஓட்டு" என்றார் அந்த அம்மாள். என்னைக் காட்டி, "இந்தத் தம்பிதான்" என்றார்.

அவர் வாயாலேயே நான் நினைத்தது நடந்துவிட்டது. வண்டி பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து அழைத்துவந்தவனைத் திருடன் என்கிறவரை வேறு எப்படி எடுத்துக்கொள்வது? டாக்டர் ராத்திரிக்கு அரை மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அரை மாத்திரை போதவில்லை. பேச்சு குறைந்ததே தவிர நிற்கவில்லை என்று நல்லதம்பி போனில் சொன்னார். டாக்டரிடம் பேசினேன், ராத்திரி முழு மாத்திரை, காலையிலும் ஒன்று கொடுக்கச் சொன்னார் என்றேன். நான் டாக்டரிடம் பேசவில்லை. நீங்கள் இதைக் கேட்கவில்லைதான், மேடம். உங்கள் கேள்விகளெல்லாம் சீட்டைப் பற்றி மட்டும்தான் இருக்கின்றன. ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பதால் சொல்கிறேன். திரும்ப டாக்டரிடம் காட்டவும் வேண்டாம் என்றேன். செலவுதானே.

அடுத்த முறை நான் போனபோது டி.வி. அணைந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்துக்கொள்ளத் தெரியவில்லை. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தான் தப்பாப் பாத்துட்டேன் போலருக்கு தம்பி" என்றார். "ஒங்களப் போயி ஊரெல்லாம் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

பரவாயில்லை ஆத்தா என்றேன். உண்மையாகவே எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. மன்னித்துவிட்டேன்.

சித்திரை முடிகிற நேரம், குளிக்கப் போன இடத்தில் அந்த அம்மாள் தடுமாறி விழுந்து இடுப்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட இருக்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஓட்டுப் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

வைகாசியில் எண்ணிக்கை. மடை கட்டியவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். பேராசிரியருக்கு டெபாசிட் போனது. அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஏஜெண்டு வைக்க ஆளில்லாமல் அந்த மனிதர் தானே தபால் ஓட்டு மேசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். பேர் பேராகப் பிரித்தபோது அவருக்கு விழுந்த சீட்டுகளில் பாதிக்குமேல் ஒரே மாதிரி டிக்; பரீட்சைத் தாளில் வாத்தியார்கள் போடுகிறார்களே, வால் நீண்டது. ஒரே பேனா, ஒரே கை. தான் காலடி வைக்காத ஊரிலிருந்தெல்லாம் தனக்கு எப்படி ஓட்டு வந்தது, இதை எண்ணக் கூடாது என்று அவரே எழுதிக்கொடுத்தார். தனக்கு விழுந்த ஓட்டைத் தானே வேண்டாம் என்ற முட்டாளை நான் அவரைத் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. இந்தத் தொகுதியில் ஒருவனாவது தேறுவான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை.

ஆமாம், அந்த டிக்குகள் எல்லாம் நான் போட்டவை. கையெழுத்து நிபுணர் எல்லாம் வேண்டாம். எழுதிக்கொள்ளுங்கள். முடிவு மாறவில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

விஷயம் பேப்பரில் வந்த அன்று நல்லதம்பி என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப, ஆத்தா சொன்னது நெசந்தானா சார்?"

கேள்வி கேட்கிற தகுதி வருவதற்கு முதலில் பெற்ற தாய் சொல்வதை நம்பத் தெரிய வேண்டும்.

"என் கையால குடுத்தேனே சார்" என்றார். "வேணாம் வேணாம்னு வாய மூடிக்கிட்டுச்சு. மூக்கப் புடிச்சுக் குடுத்தேன்." தன் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டு, வாசலில் கழற்றிய செருப்பைக்கூடப் போடாமல் நடந்து போனார்.

அதைத்தான் நானும் சொல்கிறேன் மேடம். மாத்திரை கொடுத்தது அவர் கை. நான் அந்த வீட்டில் ஒரு டிக் போட்டேன், அவ்வளவுதான்.