கைராசிக்காரன்

பகலில் தூங்குகிறவனை யாரும் மதிப்பதில்லை. அண்ணி என் தலைமாட்டிலேயே மிக்ஸியை ஓட்டுவார். "ராத்திரி பூரா அங்க தூங்கிட்டு, இங்கயும் வந்து தூக்கமா?" என்பார். படிப்பைப் பாதியில் விட்டவன், கேட்டுக்கொள்வேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்தது உங்களுக்கு நியாயமாகப் படும். ஜூஸ் ஆலை கழிக்கும் பழத்தோல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வரும். அதை ஊறவைத்த நீரில், மாவுச்சத்திலிருந்து செய்த பாலிமர் மணிகளைப் போடுவோம். தோலின் மருந்துச் சத்தை அவை உறிஞ்சிக்கொள்ளும். சத்தைக் கழுவி எடுத்தபின், தேய்ந்த மணிகளைக் காற்றில்லாத உலையில் கரியாக்கி பேட்டரிக்குள் வைப்போம். எதுவும் வீணாகாது என்று சுவரில் எழுதிவைத்திருந்தோம்.

இதெல்லாம் விஞ்ஞானி அக்காவின் யோசனை. சத்தெடுக்கும் பாதி அருமையாக நடந்தது. பேட்டரிதான் மூன்றே நாளில் செத்தது. இரவு ஷிப்டில் கரி அரைப்பவன் நான். அக்காவின் வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், கடையில் விற்கும் பெட்ரோலியக் கரித்தூளைக் கொஞ்சம் கலந்தேன். பிறகு பாதிக்குப் பாதி. கடைசியில் மணிக்கரி சும்மா பேருக்குத்தான்.

பேட்டரி மாதக்கணக்கில் உழைத்தது. ஒரு பசுமை விருது வந்தது. தெர்மோகோலில் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். அக்கா ஆய்வுக் கட்டுரையில் தன் பெயருக்கு அடுத்து என் பெயரைப் போட்டார். "நீ இல்லாம இது இல்ல தம்பி" என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அச்சுக்குப் போகும் தாளை வீட்டில் காட்டினேன். அண்ணி மிக்ஸியை நிறுத்தினார்.

பிறகு எனக்கு அம்மை போட்டது. நான் இல்லாத நாட்களில் அக்காவே கரி அரைத்தார். அப்போது செய்த பேட்டரிகள் எல்லாம் மூன்றாம் நாள் செத்தன.

நான் வேலைக்குத் திரும்பிய மறுநாள் காலை, ஷிப்ட் முடியும் நேரத்தில் அக்கா வந்தார்.

"அதென்ன, நீ லீவு போட்டா மட்டும் பேட்டரி சாகுது? நீ என்ன கைராசிக்காரனா?"

"இருக்கும்க்கா."

"உன் அலமாரியில அந்தக் கடைக்கரி மூட்டையப் பாத்தேன் தம்பி."

அவர் கத்தவில்லை.

"சரிபாக்காம விட்டது என் தப்பு. இன்னைக்கே எழுதி கட்டுரைய திரும்ப வாங்கிடறேன். உன் பேரு எங்கயும் வராம பாத்துக்கறேன்."

தங்கமான மனசு. ஆனால் ஊர் காறித் துப்பப்போவது அவரைத்தானே. அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்?

கடிதத்தோடு அனுப்பக் கொஞ்சம் கரி எடுக்க உலை அறைக்குள் போனார். வெளியிலிருந்து கதவைப் பூட்டினேன். மணிகள் தீப்பிடிக்காமலிருக்க உலைக்குள் பிராணவாயுவை விரட்டும் வாயு ஒன்று உண்டு. அதை அறைக்குள் திறந்துவிட்டேன். வாசனை கிடையாது, எரிச்சல் கிடையாது, சுற்றுச்சூழலுக்கும் கேடில்லை. இரண்டு முறை தட்டினார். "தம்பி, கதவு மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பாரேன்" என்றார். அப்புறம் தட்டவில்லை. நான் கைகழுவிவிட்டு ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாம் அவர் பெயரைக் காப்பாற்றத்தான். கட்டுரை அடுத்த வாரம் அச்சாகிறது. உயிரோடு இல்லாதவர் பெயரைக் கடைசிக்குத் தள்ளுவார்களா, என் பெயர் முதலில் வருமா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.