இரட்டையர் கோப்பும் எங்கள் அம்மாவின் கைப்பேசி எண்ணும்

இதனால் உலகத்தோர்க்கும், இவ்வரங்கத்தோர்க்கும், தேநீருக்காக மட்டும் வந்து அமர்ந்திருப்போர்க்கும் பெருமுக்கியத்துவத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: மரபணுச் சோதனைக்கூடத்தின் மாண்புமிகு ஆலோசகர், முப்பத்தொரு ஆண்டுகள் முகம் மாறாத மூதறிவாளர், இன்று மாலை ஐந்து மணிக்குப் பணி ஓய்வு பெறுகிறார்!

எங்கள் அன்னையே!

மூளையை மெல்ல மெல்லத் தின்னும் பரம்பரை நோயை, அது வருவதற்கு இருபது ஆண்டு முன்பே இரத்தத்தில் வாசித்துவிடும் எந்திரங்களைப் பற்றி இயக்குநர் ஐயா நாற்பது மேடைகளில் முழங்கியிருக்கிறார். தாங்கள் ஒரு மேடையிலும் முழங்கியதில்லை. சோதனை முடிவு கேட்டு வந்தவரை மாதத்துக்கு ஒன்றாக மூன்று முறை வரவழைத்து, "தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று மூன்று முறையும் அதையேதான் கேட்டீர்கள். பாதிப்பேர் மூன்றாம் முறை வரவேயில்லை. ஆண்டறிக்கை அதை வீண் செலவு என்றது. தாங்கள் அதுவும் ஒரு பதில்தான் என்றீர்கள்.

முடிவு அடங்கிய உறையோடு தாங்கள் நடந்து வருகையில், நல்லதா கெட்டதா என்று தங்கள் முகத்தைப் பார்த்துப் பந்தயம் கட்டியிருக்கிறோம். ஒருவரும் வென்றதில்லை. சுவர்க் கடிகாரத்தின் முகத்திலாவது ஏதாவது தெரியும்.

பொறுமையின் பொருளே! இரட்டையர் கோப்பை மறப்போமா? ஒரே கரு இரண்டாகிப் பிறந்த சகோதரிகள்; தகப்பனைக் கொண்டுபோனது அந்நோய். தங்கைக்குத் தெரிந்தே ஆகவேண்டும். ஏழு நிமிடம் மூத்த அக்காவுக்குத் தெரியவே கூடாது. மரபணு ஒன்றென்பதால் ஒருத்தியின் முடிவே மற்றவளின் முடிவும். "அவ சிரிச்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும், அழுதாலும் தெரிஞ்சிடும்" என்று அக்கா தங்களிடம் வந்து நின்றார். தாங்கள் தங்கையை மூன்றுக்குப் பதில் ஒன்பது முறை வரவழைத்தீர்கள். எதுவும் தெரியாதபடி முகத்தை வைத்துக்கொள்ளும் வித்தையை அவருக்குக் கற்பித்தீர்கள்.

நேரம் பார்த்து நிர்வாகம் புதிய மென்பொருளை இறக்கியது. முடிவு வந்த நொடியே உறவினர் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி பறக்குமாம். உறவினர் என்ற கட்டத்தில் தங்கை வேறு யாரை எழுதுவார்? அக்காவின் எண்ணைத்தான் எழுதியிருந்தார். தாங்கள் அதை அடித்துத் தங்கள் எண்ணை எழுதினீர்கள். கையோடு கையாக மற்ற நானூறு கோப்புகளிலும் எழுதினீர்கள். எந்திரத்தின் வேகத்தை இயக்குநர் ஐயா மேடையில் மெச்சிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்குப் போயிருக்கவேண்டிய செய்தி தங்கள் கைப்பைக்குள் முனகி அடங்கியது.

நானூற்றொரு நோயாளிகளுக்கும் ஒரே உறவினரா என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. தங்கள் விளக்கம் ஒற்றை வரி: "எனக்குத் தெரிஞ்சா எங்கிட்டயே இருக்கும் சார், அந்த மெஷினுக்கு வாய அடக்கத் தெரியல."

தங்கை முடிவை வாங்கிக்கொண்டு, தங்கள் முகத்தை அணிந்துகொண்டு வீடு போனார். ஆறு ஆண்டுகளாக அக்காவுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. உப்புச்சப்பில்லாத செய்தியையும் ஊரெல்லாம் பரப்பும் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே இதைக் காப்பாற்றினீர்களே, அதற்குத்தான் இந்தப் பொன்னாடை, மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

சென்ற திங்களன்று அக்கா வந்தார். இப்போது தெரிய வேண்டுமாம். "ஆனா நீங்கதான் சொல்லணும்" என்றார். முதல் சந்திப்பைத் தாங்களே நடத்தினீர்கள்.

நினைவு மங்காமல், நடை தளராமல், நாவும் நலமும் குன்றாமல் நூறாண்டு வாழ்க என வாழ்த்தி வணங்கும்,

சோதனைக்கூடப் பணியாளர்கள்

பின்குறிப்பு: அக்காவின் இரண்டாம் சந்திப்பு அடுத்த மாதம் நான்காம் தேதி. தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.