பதினாறாம் கட்டில் நேர்காணல்

பேச்சுக் கொடுப்பது எனக்குக் கைவந்த கலை, மேடம். குண்டசாலையில் பஸ் ஏறினால், கண்டியில் இறங்குவதற்குள் பக்கத்தில் இருப்பவர் வீட்டு மருமகள் சண்டை வரை கேட்டு வாங்கிவிடுவேன். தாதியர் பயிற்சியில் நோயாளியை நேர்காண்பது என்றே ஒரு பாடம் இருக்கிறது என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊசி போடுவதில் நான் சுமார்தான்.

கேள்வி கேட்பதெல்லாம் சுலபம். கெட்ட செய்தி சொல்லும் பகுதிதான் இழுபறி. நோயாளியாக நடிக்கும் என் தோழி சர்மிளா, "உங்களுக்குப் புற்றுநோய்" என்று நான் சொன்னதும் சிரித்துத் தொலைப்பாள். பரீட்சைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அதனால் பதினாறாம் கட்டிலுக்குப் போனேன். காளிமுத்து ஐயா, கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. குடலிறக்கம். வியாழக்கிழமை ஒரு சின்ன ஆப்பரேஷன், பிறகு வீடு. வாட்டில் தமிழ் பேச நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கண்டாலே எழுந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கும் அவரைப் பிடிக்கும். கதிரையை இழுத்துப் போட்டு, குரலைத் தணித்து, வயிற்றில் புற்றுநோய் பரவிவிட்டது என்று சொன்னேன்.

"ஆப்பரேஷன் செஞ்சா சரியாயிருமா மிஸ்ஸி?" என்றார்.

பயிற்சிக்குத் தந்த தாளில் இருந்த கற்பனை நோயாளிக்குச் சிகிச்சை கிடையாது. ஆகவே, இல்லை என்றேன்.

இது வெறும் பயிற்சி என்று முடிவில் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அவர் பேசாமல் இருந்துவிட்டார். நோயாளியின் மௌனத்தைக் குலைக்கக் கூடாது என்பது பாடம். அதற்குள் மணியடித்து, நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களால் வாட்டு நிறைந்துவிட்டது.

மறுநாள் டொக்டர் அவர் முகத்தைப் பார்த்து, தோளில் தட்டி, சிங்களத்தில் "பய வென்ன எப்பா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஐயா என்னைப் பார்த்தார்.

"பயப்பட வேணாங்கிறாரு," என்றேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

"போகப்போறவனுக்குத்தான மிஸ்ஸி அப்படிச் சொல்லுவாங்க?"

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஓரளவு தமிழ் புரியும் எங்கள் விரிவுரையாளர் இரண்டு கட்டில் தள்ளி நின்றார். அவர் காதில் விழுந்தால் என்னைப் பயிற்சியிலிருந்தே நிறுத்தியிருப்பார். ஐயாவின் கண்ணைப் பார்த்து, ஆமாம் என்று மெதுவாகத் தலையசைத்தேன்.

அன்றே அவர் சொந்தப் பொறுப்பில் கையெழுத்து வைத்து, டிக்கட் வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் இறங்கிய குடல் இறுகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லையாம். எப்படியும் சாகப்போகிறேன், வீட்டிலேயே போகிறேன் என்றாராம். இரண்டு நாள் துடித்துத்தான் உயிர் போயிருக்கிறது. ஆப்பரேஷன் செய்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். பரீட்சையில் எனக்குத்தான் முதலிடம்.

போன மாதம் அவர் மனைவி அழகம்மா என்னைத் தேடி வாட்டுக்கே வந்தார். பை நிறையக் கொய்யாப்பழம்.

"எல்லாரும் மறைச்சிட்டாங்க. நீங்க ஒருத்தருதான் அந்த மனுசன்கிட்ட உண்மையச் சொன்னீங்க. மகராசியா இருக்கணும் தாயி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நீங்கள் விசாரிப்பதால் உங்களிடம் சொல்கிறேன், மேடம். அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நொந்துபோன மனம், அதை இன்னும் நோகடிப்பானேன்? நோயாளியின் குடும்பத்திடம் அந்தக் கரிசனம்கூட இல்லாதவள் என்ன தாதி?