கப்பல் கதவில் பிறந்த கித்தார்

எழுதுவதற்காக எனக்கு அளிக்கப்பட்ட இம்மேசையின் ஒரு கால் மற்ற மூன்றைவிட அரை விரற்கடை குட்டையாக உள்ளது. தீப்பெட்டி அட்டை ஒன்றை மடித்து அதனடியில் வைத்துள்ளேன். இப்போது ஆடவில்லை. காவல் நிலையத்தின் ரைட்டர் இராமசுப்பு, "நீ வாயால சொல்லு பாய், நான் எழுதிக்கிறேன்" என்று அன்போடு கூறினார். வேண்டாமென்று மறுத்துவிட்டேன். என் எழுத்து மெதுவானது; ஆயினும் அது என்னுடையது.

என் பெயர் மதார் சாகிப். வயது நாற்பத்தாறு. இராயபுரத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். கடந்த ஒரு மாதமாக இந்நகரத்து அறிஞர்கள் சிலர் ஒரு கித்தாரின் பூர்வீகத்தை ஆராய்ந்து வருகின்றனர். அவர்களுள் எவர் கூறியதும் சரியன்று. என்னைப் பெரிதும் வருத்தியது அதுவே.

அது மின்சாரத்தால் ஒலிக்கும் கித்தார். சாதாரணக் கித்தாருக்கு உள்ளதுபோல் அதற்கு வெற்று வயிறு கிடையாது; முழுவதும் கெட்டிப் பலகை. அதன் தற்போதைய உடைமையாளன் வண்ணாரப்பேட்டை ரோஷன், கலியாண வீடுகளில் வாசிப்பவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியில் ஒரு விதவையிடம் வாங்கினான். சென்ற மாதம் துறைமுக விருந்தொன்றில் அவன் வாசித்ததைக் கேட்ட சுங்க அதிகாரி ஒருவர், இது அயல்நாட்டுப் பொருள், வரி கட்டிய சீட்டைக் காட்டு என்றார். முப்பது நாளுக்குள் காட்டாவிடில் பறிமுதல்.

ரோஷன் அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தான். மவுண்ட் ரோடு இசைக்கருவிக் கடைக்காரர் அமெரிக்கா என்றார். தண்டையார்பேட்டையில் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினீயர் ஒருவர் பின்புறத் திருகாணிகளைப் பார்த்துவிட்டு ஜெர்மனி என்றார். மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், பக்கவாட்டில் சிறு செவ்வகமாகப் பதித்திருக்கும் மரத்துண்டைத் தடவி, இது நாதத்தை இனிமையாக்கும் இத்தாலிய இரகசியம் என்றார். ஐயா, அது கீல் இருந்த பள்ளம். கதவாக இருந்த பலகையில் கீல் பள்ளம் இருக்கும். அதை அடைக்காமல் என்ன செய்வது?

மாலைதோறும் ரோஷன் என் பட்டறை வாயிலில் நின்று செய்தி கூறுவான். "ஜெர்மன்காரன் மூளையே வேற மாமு. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வருமா? நீயே சொல்லு."

நான் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டிருப்பேன். நம் ஆட்களுக்கு வரும் என்று என்னால் கூற இயலவில்லை. செய்தவன் நான் என்றால், அடுத்த வினா ஜெயவேலைப் பற்றியதாகவே இருக்கும்.

உண்மையான பூர்வீகம் பின்வருமாறு. 1953ஆம் ஆண்டு, உடைக்கப்பட்ட சரக்குக் கப்பல் ஒன்றின் அறைக் கதவை ஏலத்தில் எடுத்தேன். நல்ல மாகோகனி. வஞ்சிர மீனின் வாலைப் பார்த்து அதன் வளைவை வரைந்தேன். அறுத்து, இழைத்து, மெருகேற்ற ஏழு மாதங்கள் ஆயின. பின்தகட்டைப் பிறர் திறவாதிருக்க, தலையில் இரு துளை கொண்ட திருகாணிகளை நானே கடைந்தேன். அவற்றைக் கழற்றும் கருவி உலகில் இரண்டு. ஒன்று என் பட்டறை ஆணியில் தொங்கியது. மற்றொன்று ஜெயவேலின் பெட்டியில் இருந்தது.

ஜெயவேல் திருவொற்றியூர் ஆலை ஒன்றில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவன். என் நண்பன். பழைய தொலைபேசிக் காந்தத்தின்மேல் மயிரிழைத் தாமிரக் கம்பியை ஏழாயிரம் சுற்று, வாய்விட்டு எண்ணியபடி சுற்றினான். மூன்று முறை அறுந்தது. மூன்று முறையும் ஒன்றிலிருந்து தொடங்கினான். அவன் உழைப்பை நான் குறைத்துக் கூறவில்லை.

ஆனால் கித்தாரை வாசித்தபடி மேடையில் அவன் இருந்தான். மேடைக்குக் கீழே கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன். "யார் செஞ்சதுபா இது?" என்று கூட்டத்தில் கேட்பார்கள். "நம்ம ஜெயவேலுதான்" என்று கூட்டமே விடை சொல்லும். அவன் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ கூறுவான். கைதட்டலில் எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

ஒரு நாள் தேநீர்க் கடையில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "பாய், பின்னால தகட்டுக்குள்ள ஒண்ணு கீறி வச்சிகிறேன். கயட்டிப் படிச்சிப் பாரு. படிச்சிட்டன்னா பிரியாணி உன்னுது."

அக்காலத்தில் நான் நாள்தோறும் அக்கடையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு அமர்வது வழக்கம். பக்கங்களை உரிய நேரத்தில் திருப்புவேன். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பதை எவரும் அறியார்.

தனிமையில் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஒரு வரி. அதில் ஓர் உருவம் மட்டும் எனக்குப் பழக்கமானது. ஜெயவேலின் கருவிப் பெட்டியின் மேல் சிவப்பு வண்ணத்தில் தீட்டியிருந்த அதே உருவம். என் ஏழு மாத மரத்துக்குள் அவன் தன் பெயரை வெட்டி வைத்துவிட்டு, அதைப் படித்துப் பார்க்குமாறு என்னையே அழைத்திருக்கிறான் என்று விளங்கிற்று. தகட்டை மூடினேன்.

அவனுடைய ஒலிபெருக்கி, போர்க்காலத்து வானொலியைப் பிரித்துக் கட்டியது. அதன் பிளக்குக்கு இரண்டு முள். ஒரு பக்கமாகச் செருகினால் பாட்டு. புரட்டிச் செருகினால் கித்தாரின் தந்திகளில் மின்சாரம் ஏறும். ஆகவே அவன் எங்குச் சென்றாலும் முதலில் சோதனை விளக்கால் துளைகளைப் பார்த்து, மின்சாரம் வரும் துளையருகே சுண்ணக்கட்டியால் கோடிடுவான். பிளக்கின் ஒரு பக்கத்தில் அரக்குப் பொட்டு உண்டு. பொட்டு கோட்டைப் பார்க்க வேண்டும். அது அவன் வகுத்த முறை. நான் பொட்டைச் சுரண்டி மறுபக்கத்தில் வைத்தேன். ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு கலியாணப் பந்தல். பிற்பகல். புழுதி அடங்கத் தரையில் நீர் தெளித்திருந்தார்கள். செருப்பு அணிந்தால் தாளம் தவறுகிறது என்று அவன் எப்போதும் வெறுங்காலுடன் நிற்பான். கோட்டைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், செருகினான். தந்தியைப் பிடித்த விரல்கள் பிறகு விடவில்லை.

"பிளக்கப் புடுங்கு பாய்" என்று யாரோ கத்தினார்கள். பிளக்கு என் கையருகில்தான் இருந்தது. அவன் ஏழாயிரம் எண்ணியவன். நான் இருபது எண்ணினேன். பின்னர் பிடுங்கினேன். ஆட்கள் அவனைச் சூழ்ந்திருந்தபோது பொட்டைப் பழைய பக்கத்துக்கே மாற்றினேன். விசாரணையில் யாவும் முறையாக இருந்தன. அவசரத்தில் அவனே புரட்டிச் செருகிவிட்டான் என்று எழுதினார்கள். அவன் மனைவி பூவம்மா என் கையைப் பற்றிக்கொண்டு, "நீ இல்லாங்காட்டி இன்னும் நாலு பேரு போயிருப்பாங்க அண்ணே" என்றாள்.

அடுத்த ஆண்டு இரவுப் பள்ளியில் சேர்ந்தேன். அத்தகட்டுக்குள் என் பெயரை என் கையால் பொறிக்க வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். நான் எழுதக் கற்று முடிப்பதற்குள் பூவம்மா கித்தாரை ரோஷனுக்கு விற்றுவிட்டாள்.

நேற்று முன்தினம் ரோஷன் அதை என் பட்டறைக்கே கொண்டுவந்தான். தவணையில் மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. "உள்ள கம்பெனி பேரு கீதான்னு பாக்கணும் மாமு. இந்தத் திருகாணிய எவனாலயும் கயட்ட முடில. நீ கொஞ்சம் முயற்சி பண்ணு."

ஜெர்மனியின் பெயர் நிற்பதைவிட ஜெயவேலின் பெயர் நிற்பதே மேல் என்று எனக்குத் தோன்றிற்று. தவிர, இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். ஆணியில் தொங்கிய கருவியை எடுத்தேன். நான்கு திருகாணிகளும் எளிதில் கழன்றன. பள்ளியில் கற்ற முறைப்படி, எழுத்தின்மேல் விரல் வைத்து, உரத்த குரலில் வாசித்தேன்.

"செய்தது மதார் பாய். கம்பி சுத்துனது ஜெ."

வாசித்து முடித்த பின்னரே பொருள் விளங்கிற்று.

ரோஷன் என்னைப் பார்த்தான். "மதார் பாயா? மாமு, அது நீதான? ஒரு மாசமா பேஜாராயி சுத்திகினு கீறேன், வாயே தொறக்கல நீ?"

மேற்கூறியவற்றால், இக்கித்தார் அமெரிக்காவிலோ, ஜெர்மனியிலோ, இத்தாலியிலோ செய்யப்பட்டதன்று என்பதும், இராயபுரத்தில் என்னால் செய்யப்பட்டது என்பதும் ஐயமற விளங்கும். செய்தவன் பெயர் முதலிலும், கம்பி சுற்றியவன் பெயர் அடுத்தும் உள்ளதைக் கவனிக்கவும். இதன் நகல் ஒன்றைச் சுங்க அதிகாரிக்கு நாளைக்குள் அனுப்புமாறு வேண்டுகிறேன்.

ஜெயவேலைக் கொன்றவனும் நானே. அதை மறுக்கவில்லை. ஆயினும் பிழை முழுவதையும் என் கணக்கில் எழுதுவது முறையாகாது. அத்தனை நாள் பழகியவன், எனக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கலாம்.