கொடியில் ஒரு கறுப்புத் துணி

காக்கைக்கு வெறும் சாதம் பிடிக்காது, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பிசைந்து வைத்தால் கூப்பிடவே வேண்டாம். எங்கள் வீட்டில் அது மன்னி கோமளவல்லியின் வேலை. தளிகை முடிந்ததும் ஒரு பிடி சாதத்தோடு மொட்டைமாடிக்குப் போவாள். என் அண்ணா ராமபத்ரன் காலமான பிறகு இன்னும் சிரத்தையாகப் போனாள். அவர் காக்கையாக வருவார் என்று நம்பினாள்.

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். திருவள்ளூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் வருவேன். மிச்சப் பொழுதெல்லாம் காக்கைகளின் நடத்தையைப் பற்றிய ஆராய்ச்சிதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குறையாகவும் தோன்றவில்லை. அண்ணாவின் பெண் மரகதம் இருந்தாள். "அத்தை, காக்கா கதை" என்று என் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.

ரயில் ஸ்டிரைக் நடந்த மே மாதம் அது. கோடை மழை வரும்போல் இருந்ததால் மன்னி மாடிக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஓடினாள். என் மைக்ரோஸ்கோப்பை மூடும் கறுப்புத் துணியும் அவற்றில் ஒன்று. அது அவள் கையில் துவண்டு ஆடியதுதான் தாமதம், தெருக் காக்கைகளெல்லாம் திரண்டு வந்து அவள் தலையில் கொத்தின. காரணம் எளியது. கறுப்பாய்த் துவண்டு தொங்குவது அவற்றுக்குச் செத்த காக்கை. அதைக் கையில் வைத்திருப்பவர் கொலையாளி. அந்த முகத்தைப் பிறகு அவை மறப்பதில்லை.

மறுநாள் அவள் வெறும் சாதத்தோடு போனபோதும் பாய்ந்தன. சாதத்தைத் தொடவில்லை.

"பாமா, அவர் என் மேல கோவமா இருக்காரா?" என்று கேட்டாள். நெற்றியில் ரத்தம் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. அண்ணா நெஞ்சுவலியில் சாய்ந்தபோது அவள் பொதட்டூர்பேட்டையில் பிறந்தகத்தில் இருந்தாள். அந்த உறுத்தல் அவளுக்கு உண்டு.

காரணத்தை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி கெட்டுவிடும். "எனக்கென்ன தெரியும், மன்னி" என்றேன்.

ரயில்கள் ஓட ஆரம்பித்ததும் அவள் தமையன் சடகோபன் வந்தார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை சொல்லி வைத்திருந்தாராம். குழந்தையோடு அவர் வீட்டில் தங்கிக்கொள்ளலாமாம்.

"எத்தனை நாள்தான் இவ இந்த ஆத்துல உக்காந்துண்டிருப்பா? நீயே சொல்லு, பாமா."

நல்ல ஏற்பாடு என்றேன். இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன்.

அன்று முதல் கறுப்புத் துணியைத் தினமும் நனைத்துக் காயப்போட்டேன். "மன்னி, அதைக் கொஞ்சம் எடுத்துண்டு வாயேன்" என்பேன். எடுத்துக்கொண்டு வருவாள். துணிதான் காரணம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாடிக்குப் போக நடுங்கினாள். காக்கைக்கு வைக்காமல் இருக்க அதைவிட நடுங்கினாள். கொஞ்ச நாளில் துணியே தேவைப்படவில்லை. கோயில் குளம் வரைக்கும் அவளைத் துரத்தின. ஆம்படையான் ஏதோ கேட்க வருகிறான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பாத்திரம் தேய்க்கும் கங்கம்மாதான் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"இன்னாம்மா இது? ஊர்ல எத்தினி தல கீது, இந்தம்மா தலைய மட்டும் தேடிக்கினு வருது. நீதான் காக்கா படிப்பு படிச்சவளாச்சே, இன்னான்னு கேளேன்."

"யாரைக் கேக்கறது? காக்காவையா?"

"காக்காவ எதுக்குக் கேக்குற? உன்னியே கேளு" என்று சொல்லிவிட்டுச் சாம்பலைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மன்னி ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். சாப்பிடும்போது கூரையைப் பார்த்தாள். இனி எங்கும் போகமாட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் பெட்டியைக் கட்டினாள்.

"இந்த ஊர்ல என்னால இருக்க முடியாது, பாமா. நாளைக்குக் குழந்தையையும் கொத்தும். நாங்க போயிடறோம்."

பயந்த பறவை கூட்டுக்குள் ஒடுங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கூட்டையே விட்டுப் போய்விடும் என்பதை மறந்துவிட்டேன். என் ஆராய்ச்சியில் நேர்ந்த பிழை அது ஒன்றுதான்.

சாதம் வைக்கும் கல்லை, மாடியில் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்த பின்பக்க ஓரத்துக்கு நகர்த்தினேன். அதன்மேல் கறுப்புத் துணியைப் போட்டேன். அதை எடுத்தால்தான் சாதம் வைக்க முடியும்.

"அண்ணாகிட்டச் சொல்லிண்டு போ, மன்னி. ஒரு பிடி வெச்சுட்டுப் போ" என்றேன்.

"நீயும் வரியா? எனக்குப் பயமா இருக்கு."

"இங்கதான் படியில நிக்கறேன். குழந்தையைக் குடு."

குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். துணியைக் கையில் எடுத்தாள். அவை வந்தன. முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினாள். விளிம்புக்கு இன்னும் ஓர் அடி இருந்தது. மரகதம் "அம்மா" என்று கத்த வாயெடுத்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். சத்தம் போட்டால் காக்கைகள் கலைந்துவிடும்.

கீழே கிணற்றடியிலிருந்து கங்கம்மாவின் அலறல் கேட்டது. அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். மன்னியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

குழந்தையைச் சடகோபனிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம். என்னைத் தவிர அவளுக்கு யாரிடமும் ஒட்டுதல் கிடையாது. ஒரு சின்னப் பழக்கம்தான் புதிதாக வந்திருக்கிறது. நான் அறைக்குள் நுழைந்தால் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். காக்கைப் பயம். அறைக்குள் ஏதடி காக்கை என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.